கடிப்பது எது? வட ஒன்ராறியோக் காட்டு வீடுகளில் முறைப்பாடு வாரியாகச் சரிபார்க்கும் முறை

நோர்த் பே நகருக்கு வெளியே, நிப்பிசிங் ஏரிக்கரையில் இருக்கும் வாடகைக் கொட்டேஜுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மே நடுப்பகுதி தொடங்கினால் எனக்கு வரும் தொலைபேசிகளில் பெரும்பங்கு ஒரே வசனத்தில்தான் ஆரம்பிக்கும்: "தம்பி, இங்க ஒரே நுளம்பு, இருக்கேலாமக் கிடக்கு." போய்ப் பார்த்தால் பல வேளைகளில் அது நுளம்பே இல்லை. நுளம்புக்கு என்று வாங்கிய திரியும் விளக்கும் ஸ்பிறேயும் மேசை நிறையக் கிடக்கும். கடிப்பது வேறு பூச்சியாக இருக்கும்.

அதனால் கடைக்கு ஓடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எடுங்கள். எத்தனை மணிக்குக் கடிக்கிறது? உடம்பில் எந்த இடத்தில்? வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? இந்த மூன்றும் தெரிந்தால் கீழே உங்கள் முறைப்பாட்டைத் தேடிப் போகலாம். மற்றவற்றை வாசிக்கத் தேவையில்லை.

## 1. பட்டப்பகலில் கடி, காதுக்குப் பின்னால் இரத்தம்

மே நடுவிலிருந்து ஜூன் முடியும் வரை, வெளியில் மட்டும், வெளிச்சம் இருக்கும்போது மட்டும் கடித்தால் அது பிளாக் ஃப்ளை. நுளம்பை விடச் சிறியது, முதுகு கூனியிருக்கும், காதுக்குள் ரீங்காரம் கேட்காது. இது ஊசி போலக் குத்துவதில்லை. தோலை வெட்டி, ஊறும் இரத்தத்தைக் குடிக்கும். அதன் எச்சில் இடத்தை மரக்கச் செய்துவிடுவதால் கடிக்கும்போது தெரியாது. கழுத்தைத் தடவிய கையில் இரத்தம் ஒட்டும்போதுதான் விஷயம் புரியும்.

செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள்.

உடுப்பின் நிறம். கறுப்பும் கடும் நீலமும் இதற்கு அழைப்பிதழ். நீல ஜீன்ஸும் கறுப்பு ரீசேட்டும் போட்டுக்கொண்டு விறகு அடுக்கப் போனால் எந்த மருந்தும் கைகொடுக்காது. வெள்ளை, மண்ணிறம், வெளிர் மஞ்சள் ஆகியவற்றுக்கு மாறுங்கள்.

உடுப்பின் இடைவெளிகள். பிளாக் ஃப்ளை துணிக்கு மேலால் கடிப்பதைவிட, ஊர்ந்து உள்ளே போய்க் கடிப்பதில்தான் கெட்டிக்காரன். காற்சட்டை நுனியை மேசுக்குள் விடுங்கள், சேட்டைக் காற்சட்டைக்குள் செருகுங்கள், கை நுனியைப் பூட்டுங்கள். பொத்தான்களுக்கு நடுவே விரியும் சேட்டை விட ஸிப் வைத்தது நல்லது.

நேரமும் காற்றும். காலை நடுப்பகுதியும், சூரியன் மறைவதற்கு முந்திய சில மணி நேரமும்தான் மோசம். மேகம் மூடி, புழுங்கி, இலை அசையாமல் நிற்கும் நாள் இன்னும் மோசம். காற்று வீசினால் இதால் பறக்க முடியாது. காட்டு விளிம்பில் செய்யும் வேலையை விட்டு, அந்த நேரத்தில் ஏரித் துறைமேடைக்கு வந்துவிடுங்கள். பத்து மீற்றர் இடம் மாறுவதே பெரிய வித்தியாசம்.

இதற்குப் பிறகுதான் காசு. அகன்ற விளிம்புத் தொப்பிக்கு மேல் போடும் தலைவலை மலிவு, பலன் அதிகம். விளிம்பு இல்லாமல் போட்டால் வலை தோலில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் கடி விழும். நாள் முழுக்க வெளியில் வேலை செய்பவர் முழு வலை ஜக்கெற் வாங்கலாம். டீட் (DEET) என்ற பூச்சி விரட்டி மருந்து உள்ள ஸ்பிறே நுளம்புக்கு வேலை செய்யும் அளவுக்கு இதற்கு வேலை செய்யாது. அடிப்பதானால் கழுத்துப்பட்டி, தொப்பி விளிம்பு, மேசின் மேல்நுனி ஆகியவற்றில் அடியுங்கள்.

ஒரு பரிசோதனை: பூச்சி வாகனத்துக்குள் வந்துவிட்டால் என்ன செய்கிறது என்று பாருங்கள். பிளாக் ஃப்ளை அடைபட்டால் கடிப்பதை விட்டுவிட்டுக் கண்ணாடியில் போய் மோதிக்கொண்டு நிற்கும். ஆகவே "கட்டிலில் படுத்திருக்கக் கடிக்கிறது" என்றால் இது அல்ல, 4 ஆம் முறைப்பாட்டுக்குப் போங்கள்.

ஆள் கூப்பிடும் கட்டம்: இல்லை. முற்றத்துக்கு மருந்தடிக்கிறோம் என்று வருபவருக்கு இந்தப் பூச்சிக்காகக் காசு கொடுக்காதீர்கள். அது ஓடும் நீரில், ஓடைக் கற்களில் ஒட்டி வளர்ந்து, பல கிலோமீற்றர் பறந்து வருகிறது. உங்கள் வேலிக்குள் மருந்தடித்து அதைத் தடுக்க முடியாது. ஜூலை வந்தால் தானாக அடங்கும்.

## 2. தலையைச் சுற்றி வட்டமடித்து, உச்சியில் கடி

ஜூலை, நல்ல வெயில், காட்டுப் பாதையில் நடக்கும்போது ஒன்று கூடவே வந்து தலையைச் சுற்றினால் அது டியர் ஃப்ளை. சிறகில் கரும்பட்டை, கண்ணில் பச்சைப் பொன் மினுக்கம். கடி உடனே தெரியும், சுரீரென்று வலிக்கும்.

இதற்கு ஸ்பிறே ஏறக்குறைய வீண். அசைவதையும், அதில் உயரமான இடத்தையும் தேடித்தான் இது வரும். எனவே தொப்பியின் பின்பக்கம் ஒட்டும் பசைத்தாள் ஒன்று போதும். கடையில் இதற்கென்றே விற்கிறார்கள். ஒரு நடை முடிந்து தாளைப் பார்த்தால் உங்களுக்கே ஒரு திருப்தி வரும். பசைத்தாள் இல்லாவிட்டால் ஒரு பன்னத் தண்டை முறித்துத் தொப்பியில் செருகுங்கள். தலையை விட்டுவிட்டு அதன் நுனியைச் சுற்றிக்கொண்டிருக்கும். இங்கே பழைய மரம் வெட்டுகிறவர்கள் செய்வது, பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்யும்.

நீந்தி ஏறியதும் ஈர உடம்பில் பெரிய ஒன்று வந்து குந்தினால் அது ஹோர்ஸ் ஃப்ளை. உடனே துடைத்துக்கொண்டு சேட்டைப் போடுங்கள்.

## 3. ஏரிக்கரையில் கணுக்காலில் மட்டும் கடி

வீட்டு இலையான் போலவே இருக்கும், ஆனால் வாய் ஊசியாக முன்னால் நீட்டியிருக்கும். ஸ்டேபிள் ஃப்ளை. மேசுக்கு மேலாலும் குத்தும், டீடுக்கும் பெரிதாக அஞ்சாது. கரையில் ஒதுங்கி அழுகும் நீர்ப்பாசிதான் இதன் தொட்டில். உங்கள் கரைத்துண்டில் கிடப்பதை வாரி அகற்றுங்கள், தடித்த நீள மேசு போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் இறங்குங்கள். முற்றத்தில் திறந்த உரக்குவியல் இருந்தால் அதையும் பாருங்கள்.

## 4. யன்னலுக்கு வலை இருந்தும் இரவில் வீட்டுக்குள் கடி

எனக்கு அதிகம் வேலை வைப்பது இதுதான். காரணம் நாலைந்து இருக்கலாம். வரிசையாகப் பாருங்கள், நடுவில் தாவ வேண்டாம்.

ரீங்காரம் கேட்கிறதா? கேட்டால் நுளம்பு. வழி எங்கே என்று தேட வேண்டும். பகலில் திரைகளை இழுத்து மூடி, விளக்கை அணைத்து, அறையை இருட்டாக்குங்கள். கதவுக்குக் கீழே, யன்னல் வலைச் சட்டத்தின் மூலைகளில், ஏசியின் இருபக்க மடிப்புப் பலகையில் வெளிச்சக் கீற்று எங்கே தெரிகிறதோ அங்கேதான் வாசல். கதவடிக்கு ரப்பர் பட்டி, வலைக் கிழிசலுக்கு ஒட்டுத்துண்டு, சட்டத்துக்கு நுரைப்பட்டி. எல்லாம் வன்பொருள் கடையில் சில டொலர்களுக்குக் கிடைக்கும். அடுத்ததாக வெளியே போய், உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்தின் குழாய் வாயையும் குளியலறை விசிறியின் வாயையும் பாருங்கள். அவற்றின் மூடி பஞ்சு அடைத்துப் பாதி திறந்தபடி நிற்பதை அடிக்கடி காண்கிறேன்.

வழியெல்லாம் சரி, ஆனாலும் மாலையில் நுளம்பு நிறைகிறதென்றால், ஆட்கள் போய்வரும் கதவைக் கவனியுங்கள். கதவுக்கு நேர் மேலே விளக்கு எரிந்து, பிள்ளைகள் நிமிடத்துக்கொரு தரம் உள்ளே வெளியே ஓடினால், வலை இருந்தும் இல்லாததுதான். அந்த விளக்கை அணைத்து, கொஞ்சம் தள்ளி ஒன்றைப் போடுங்கள். உள்ளே வந்துவிட்ட ஓரிரண்டுக்கு மின்மட்டையே போதும். ஊரிலிருந்து வந்த சாமான்களில் அதற்கு மட்டும் இங்கே முழு மரியாதை உண்டு. நுளம்புத் திரிக்கு இல்லை. அதை உள்ளே கொளுத்தினால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும், சின்ன அறையில் அந்தப் புகை நுரையீரலுக்கும் கேடு. வெளியே வைத்தாலும் காய்ந்த ஊசியிலை விரிப்பில் வைக்காதீர்கள்.

முற்றத்தைச் சுற்றி ஒரு நடை நடவுங்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை கவிழ்த்தால் சங்கிலி அறும். கவிழ்த்து வைக்காத கனூ, படகின் மேல் போட்ட தார்பாலின் குழி, பழைய ரயர், இலை அடைத்த பீலி ஆகியவைதான் முதல் நான்கு இடங்கள். பீலியை யாரும் பார்ப்பதில்லை. மழைநீர்ப் பீப்பாய்க்கு வலை கட்டுங்கள். பக்கத்துச் சதுப்பில் நீங்களாக எந்த மருந்தும் போட வேண்டாம். இயற்கை நீர்நிலையில் மருந்து போடுவதற்கு இங்கே அனுமதி வேண்டும்.

சத்தமே இல்லை, ஆனால் நெருப்புப்பொறி பட்டது போலச் சுடுகிறதா? விளக்கடியில் வெள்ளைத் தாள் ஒன்றை வையுங்கள். மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள் விழுந்து அசைந்தால் அவை நோசியம். நீளம் 1 முதல் 3 மில்லிமீற்றர்தான். நுளம்பை நிறுத்தும் சாதாரண யன்னல் வலைக்கண்ணால் நுழைந்து வந்துவிடும். முதல் நடவடிக்கை விளக்கை அணைப்பது. இரண்டாவது, மின்விசிறியைக் கட்டிலின் மேல் நேரே வீசவிடுவது. இவ்வளவு சின்னப் பூச்சி காற்றை எதிர்த்து நிற்காது, நுளம்புக்கும் இதே வைத்தியம் செல்லும். இரண்டும் போதாவிட்டால் நுண்கண் வலைக்கு மாற்ற வேண்டும். அதில் காற்று குறைவாகத்தான் வரும் என்பதால் படுக்கையறை யன்னல்களுக்கு மட்டும் மாற்றச் சொல்வேன்.

வெளியில் பனி, உள்ளே நுளம்பா? பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் நடக்கும். சில இனங்களின் பெண் நுளம்புகள் நிலவறையிலும் தரைக்கடியிலும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அடுப்பை நன்றாக எரித்து வீடு சூடானதும் எழும்பி வரும். நிலவறைச் சுவரை வக்கியூமால் உறிஞ்சிவிடுங்கள். ஸ்பிறே தேவையில்லை.

காலையில் எழும்பினால் வரிசையாகத் தடிப்புகள், படுக்கைவிரிப்பில் கரும்புள்ளிகளா? இனி இது பறக்கும் பூச்சி அல்ல. மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டில் தலைப்பலகையின் பின்புறத்தையும் ரோச் அடித்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சி கண்டால் அந்தப் படுக்கைத் துணிகளை வேறு அறைக்குத் தூக்கிப் போகாதீர்கள். அங்கேயே பையில் கட்டி, நேராக உலர்த்தும் இயந்திரத்தில் கடும் சூட்டில் போடுங்கள். பிறகு பூச்சி ஒழிப்பவரைக் கூப்பிடுங்கள். கடையில் விற்கும் தகர ஸ்பிறேயை அடித்தால் பூச்சி சுவருக்குள் பரவி, அவர் வந்து செய்யும் வேலையின் செலவை ஏற்றிவிடும்.

ஒரு கேள்வியை அவரிடம் கேட்க மறக்காதீர்கள்: இது மூட்டைப்பூச்சியா, வௌவால் மூட்டையா? காட்டு வீடுகளில் கூரைக்குள் வௌவால் குடியிருப்பது வழக்கம். அவற்றின் மூட்டை அச்சு அசலாக மனித மூட்டை போலவே இருக்கும், உருப்பெருக்கியில்தான் பிரித்தறிய முடியும். வௌவால் மூட்டை என்றால் படுக்கையறைக்கு எத்தனை முறை மருந்தடித்தும் பயனில்லை, கூரையைத்தான் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் குட்டிகள் பறக்காத நிலையில் இருக்கும்போது வௌவாலை வெளியேற்றக் கூடாது. சிறிய பழுப்பு வௌவால் ஒன்ராறியோவில் அழியும் நிலையில் உள்ள, சட்டப் பாதுகாப்புப் பெற்ற இனம். அதில் பயிற்சியுள்ளவர் கோடை கழிந்து வந்து ஒருவழி வாசல் வைத்துச் செய்வார்.

அப்படியொரு கூரை இருந்து, தூங்கும் அறைக்குள் வௌவாலைக் கண்டால், கடித்த தடயம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே பொதுச் சுகாதாரப் பிரிவுக்குத் தொலைபேசி எடுங்கள். அவர்களைக் கேட்கும்வரை வௌவாலைத் திறந்து விடாதீர்கள். வௌவாலின் பல் பட்ட தடம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். 2024 இல் வட ஒன்ராறியோவில் அறைக்குள் வந்த வௌவாலால் ஒரு பிள்ளை விசர்நாய்க்கடி நோய் (rabies) வந்து இறந்தது. இந்த இடத்தில் "பார்ப்போம்" என்ற பேச்சே வேண்டாம்.

## 5. ஸ்பிறே அடித்தும் கடிக்கிறது

முதலில் தகரத்தைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். டீட் 10 சதவீதம் என்றால் ஏறக்குறைய மூன்று மணி நேரம், 30 சதவீதம் என்றால் ஆறு மணி நேரம். காலையில் அடித்தது மாலை வரை நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வியர்வையும் நீச்சலும் அந்த நேரத்தையும் குறைக்கும்.

அடுத்தது ஒழுங்கு. வெயில் கிறீம் முதலில், அது ஊறியபின் பூச்சி மருந்து. இரண்டும் ஒன்றாகக் கலந்த போத்தலை வாங்க வேண்டாம். வெயில் கிறீமை அடிக்கடி பூச வேண்டும், பூச்சி மருந்தை அப்படிப் பூசக் கூடாது.

மூன்றாவது, விட்டுப்போன இடம். ஸ்பிறே அடித்த இடத்துக்கு நாலு விரல் தள்ளி நுளம்பு கடிக்கும். காது, கணுக்கால், கழுத்தின் பின்புறம் எல்லாம் கையால் தேய்த்துப் பூசுங்கள். உடம்போடு ஒட்டிய இறுக்கமான யோகாக் காற்சட்டைக்கு மேலால் நுளம்பு சாதாரணமாகக் குத்தும். தளர்வான தடித்த துணிதான் உதவும்.

டீட் கண்ணாடிச் சட்டம், மணிக்கூட்டு முகப்பு, தூண்டில் நரம்பு ஆகியவற்றை உருக்கிவிடும். அது தொந்தரவு என்றால் 20 சதவீத இகாரிடின் (icaridin) என்ற வேறு விரட்டி மருந்தை எடுங்கள். பிளாஸ்ரிக்கைத் தொடாது, மணமும் குறைவு. எங்கள் அலமாரியில் இப்போது அதுதான் நிற்கிறது.

பிள்ளைகளுக்குக் கனடாவின் சுகாதாரத் திணைக்களம் சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த மருந்தும் இல்லை, வண்டிலுக்கு வலைதான். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 10 சதவீத டீட், நாளுக்கு ஒரு முறை. இரண்டு முதல் பன்னிரண்டு வரை அதே 10 சதவீதம், நாளுக்கு மூன்று முறை வரை. பிள்ளையின் கையில் பூச வேண்டாம், அது நேரே வாய்க்குப் போகும்.

நீல வெளிச்சத்தில் பூச்சியைப் பொரிக்கும் மின்விளக்கு இருந்தால் பிடுங்கி வையுங்கள். அதில் செத்து விழுவது பெரும்பாலும் அந்துப்பூச்சியும் வண்டும்தான். சூட்டில் மருந்தை ஆவியாக்கும் தெர்மசெல் வகைக் கருவி காற்றில்லாத இடத்தில் மேசையைச் சுற்றிக் காப்பாற்றும். கால் மணி நேரம் முந்தியே போட்டுவிடுங்கள். காற்று வீசினால் அதை அணைத்துவிட்டு விசிறியைப் போடலாம்.

## 6. தோலில் ஒட்டிக்கொண்ட கறுப்புப் புள்ளி

கால் முளைத்த எள்ளு மாதிரி இருந்தால் உண்ணி. மற்றவை எரிச்சல் தரும், இது நோய் தரும். கருங்கால் உண்ணி லைம் நோயைக் காவுவது. ஒன்ராறியோவின் தெற்கிலும் கிழக்கிலும், வடமேற்கில் கெனோரா, ரெய்னி ரிவர் பக்கமும் இது வேரூன்றிவிட்டது. பறவைகள் சுமந்து வருவதால் மற்ற இடங்களிலும் ஒன்றிரண்டு அகப்படலாம். வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனாலே நடமாடத் தொடங்கும். எனவே ஏப்ரலிலும் நவம்பரிலும் கூடப் பாருங்கள்.

நுனி கூர்ந்த சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல், நேராக மெல்ல இழுங்கள். நெருப்புக்குச்சி, வாசலின், எண்ணெய் எதுவும் வேண்டாம். உண்ணி வெருண்டு உள்ளேயிருப்பதைக் கக்கிவிடும். இடத்தைக் கழுவி, உண்ணியைச் சிறு போத்தலில் போட்டுத் திகதி எழுதி வையுங்கள். இ-ரிக் (eTick) இணையத்தளத்துக்குப் படம் அனுப்பினால் எந்த இனம் என்று சொல்வார்கள்.

பிறகு கணக்கு இதுதான். 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தது என்று நினைத்தால், அல்லது உண்ணி ஊதிப் பருத்திருந்தால், கழற்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்தகத்துக்குப் போங்கள். 2023 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் மருந்தாளரே உண்ணிக்கடியைப் பரிசோதித்து, தேவையானால் தடுப்பு மருந்து எழுதித் தரலாம், வைத்தியரைத் தேடி அலையத் தேவையில்லை. கடித்து 3 முதல் 30 நாளுக்குள் பரந்து விரியும் சிவப்புத் தடிப்போ, காய்ச்சலோ, மூட்டு வலியோ வந்தால் நேரே வைத்தியரிடம்.

காட்டிலிருந்து வந்ததும் உடுப்பைக் கழுவுவதற்கு முன் உலர்த்தியில் கடும் சூட்டில் பத்து நிமிடம் போடுங்கள். காய்ந்த சூடுதான் உண்ணியைக் கொல்லும்.

## 7. கடித்த இடம் வீங்கிக்கொண்டே போகிறது

பிளாக் ஃப்ளை கடித்துக் காலையில் கண் மூடிப்போன பிள்ளையைக் கண்டு பதறாத தாய் இல்லை. பெரும்பாலும் குளிர் ஒத்தடமும், அரிப்புக்கு ஒவ்வாமை மாத்திரையும், ஹைட்ரோகோட்டிசோன் கிறீமும் போதும், ஓரிரு நாளில் வடியும். நிறையக் கடி வாங்கியவருக்குத் தலையிடி, இலேசான காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல் வருவதும் உண்டு. அதுவும் அடங்கும்.

வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டி, தொட்டால் சூடாக, வலியுடன், சீழோடு இருந்தால் கிருமி ஏறிவிட்டது. கிளினிக்குக்குப் போங்கள். முடிவெடுக்க முடியாவிட்டால் 811 ஐ அழைத்தால் தாதி ஒருவர் பேசுவார். ஆகஸ்ட், செப்டெம்பரில் வயதானவருக்குக் கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் நுளம்பு பரப்பும் மேற்கு நைல் வைரஸை நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நாக்கு, உதடு வீக்கம், மூச்சு முட்டல், உடம்பெங்கும் தடிப்போடு வாந்தி என்றால் எப்பிபென் (கடும் ஒவ்வாமைக்கான அவசர ஊசி) இருந்தால் அதைப் போட்டு உடனே 911. இங்கேதான் நகரத்து ஆட்கள் தடுமாறுவார்கள், ஏனெனில் "ஏரிக்கரைக் கொட்டேஜ்" என்பது முகவரி ஆகாது. வீட்டுப் பாதை வீதியோடு சேரும் இடத்தில் நடப்பட்டிருக்கும் அவசர இலக்கப் பலகையில் உள்ள எண்ணும் வீதிப் பெயரும் வேண்டும். வந்திறங்கிய முதல் நாளே அதைப் படம் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். கைத்தொலைபேசிக்குச் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது என்றும் பார்த்து வையுங்கள்.

நீந்தியபின் மட்டும் சின்னச் சின்னப் பருக்கள் வந்தால் பூச்சி அல்ல, நத்தையிலிருந்து வரும் ஒட்டுண்ணி. ஏறியதும் துவாயால் தேய்த்துத் துடையுங்கள். கோடு கோடாகக் கொப்புளம் என்றால் அது பொய்சன் ஐவிச் செடி.

## 8. நாயின் வயிற்றில் வட்ட வட்டமாகச் சிவப்பு

மே, ஜூனில் மயிர் குறைந்த அடிவயிற்றில் நாணயம் போலச் சிவப்பு வட்டம், நடுவில் புள்ளி: பெரும்பாலும் பிளாக் ஃப்ளைக் கடி. லைம் நோய் என்று அலறிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடத் தேவையில்லை. நாய்க்கு அது அவ்வளவாக அரிப்பதும் இல்லை, தானாக மறையும். நொண்டினால், சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் கொண்டு போங்கள்.

டீட் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு, உங்கள் ஸ்பிறேயை அவற்றுக்கு அடிக்காதீர்கள். உண்ணிக்கும் இதயப் புழுவுக்கும் மாத்திரையை வருமுன்பே மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை செத்துப்போகும். இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர் மருந்து காயும்வரை பூனையை வேறு அறையில் பூட்டி வையுங்கள்.